தஞ்சாவூருக்கு வரவிருந்த டீம்

மூன்றாவது இட்லிக்கும் நான்காவது இட்லிக்கும் நடுவில் ரெத்தினம் ஒரு முடிவு எடுத்தார். பெண்டாட்டிக்குத் தெரியாமல் தஞ்சாவூருக்கு ஒரு கால்பந்து டீம் கொண்டுவந்துவிடுவது.

சில பேர் பெண்டாட்டிக்குத் தெரியாமல் பீடி குடிப்பார்கள். சில பேர் சீட்டு ஆடுவார்கள். ரெத்தினத்துக்கு அந்த மாதிரிச் சில்லறை ஆசைகள் எதுவும் கிடையாது.

"இன்னொண்ணு வைக்கவா?" என்றாள் அம்சவல்லி.

"இன்னொரு டீமா?"

"இட்லி."

"வை, வை."

அம்சவல்லி அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு இட்லியை வைத்தாள். சட்னியை அவர் கேட்காமலேயே ஊற்றினாள். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து வழுக்கி விழுந்த ஒரு சொல்லைக்கூட அவள் கீழே விட்டதில்லை. ரெத்தினத்துக்கு அது தெரியும். அவசரத்தில் மறந்துவிட்டார்.

பூதலூர்ப் பக்கம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ரெத்தினம். வாலிபத்தில் ரயில்வே டீமில் லெப்ட் அவுட் ஆடியவர். மைதானத்தில் லெப்ட் அவுட் என்றால் இடது ஓரத்தில் பந்தைக் கொண்டு ஓடுகிற ஆள். வீட்டில் அதற்கு வேறு அர்த்தம். மகள் கல்யாணப் பேச்சு, மாட்டுக்கொட்டகைக்கு ஓடு மாற்றுகிற பேச்சு, குறுவைக்கு எந்த விதை என்கிற பேச்சு, எல்லாவற்றிலும் அவர் லெப்ட் அவுட்.

ஆனாலும் அவருடைய கால்பந்து ஆசையைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. அவருடைய அப்பா காத்தான் மிராசுதார் பண்ணையில் ஆளாக இருந்தவர். அந்தக் காலத்தில் மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் ஆடியது தோல் பந்து. பண்ணையாள் தெருப் பிள்ளைகள் ஆடியது வைக்கோலைச் சுருட்டிக் கிழிசல் துணியால் கட்டிய பந்து. அதையும் அறுப்பு முடிந்த வயலில் ஆடினால் மிராசுதாரின் காரியக்காரர் கம்பெடுத்துத் துரத்துவார். லெப்ட் அவுட்டுக்கு வேண்டிய ஓட்டம் ரெத்தினத்துக்கு அங்கேதான் பழகியது. புல் முளைத்த மைதானத்தில் அவர் முதன்முதலாகக் கால் வைத்தபோது வயது இருபத்திரண்டு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வைத்தார்.

இப்போது என்னவென்றால், நாட்டின் முதல் வரிசைக் கால்பந்துப் போட்டியில் புதிதாக இரண்டு ஊர்களுக்கு இடம் தரப் போகிறார்களாம். பரிசீலனையில் தஞ்சாவூர் பெயரும் இருக்கிறதாம். செய்தியைக் கொண்டுவந்தவர் பஞ்சநதம். தஞ்சாவூரில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். 'தஞ்சைக்கு டீம் வேண்டுவோர் சங்கம்' என்ற அமைப்புக்குச் செயலாளர். சங்கத்தில் மொத்தம் நாலு பேர். அதில் ஒருவர் கிரிக்கெட் ஆள்.

"எல்லாம் சரி ரெத்தினம், மைதானம் இல்லியே," என்றார் பஞ்சநதம். "ஆபீசர் வந்து எதைப் பார்ப்பாரு? பெரிய கோயிலையா?"

அங்கேதான் ரெத்தினம் வாயைக் கொடுத்தார். "எங்க நிலம் மூணு ஏக்கர் இருக்கு. பக்கத்துல பங்காளிங்க நிலம் ஒம்பது. மெயின் ரோட்டு ஓரம். ரயில்வே ஸ்டேஷன் கிட்ட."

"நிலம் உங்க சம்சாரம் பேர்லல்ல இருக்கு?"

"பேரு அவளோடது. நெலம் எங்களோடது."

இப்படிச் சொல்கிற தைரியம் அவருக்குப் பூதலூரிலிருந்து பத்து மைல் தள்ளி வந்தால்தான் வரும்.

அந்த நிலம் சும்மா வந்ததில்லை. நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும், மிராசுதாரிடம் வரம்புக்கு மேல் இருந்த நிலத்தைப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டு, வயலில் கொடி நட்டு, ரெத்தினத்தின் அம்மா பொன்னுத்தாய் திருச்சி ஜெயிலில் நாற்பது நாள் இருந்தாள். பட்டா அவள் பெயருக்கு வந்தது. சாகிறதற்கு முன்னால் மருமகள் பெயருக்கு எழுதி வைத்துவிட்டாள். ஏன் என்று ஊரார் கேட்டதற்குப் பொன்னுத்தாய் சொன்ன பதில் இன்றைக்கும் ஊரில் புழங்குகிறது: "எம்மவன் பந்துக்குப் பின்னால ஓடுறவன். நிலம் நிக்கிறவகிட்ட இருக்கட்டும்."

ரெத்தினத்தின் திட்டம் ரொம்ப எளிது. ஆபீசரை வரவழைத்து நிலத்தைக் காட்டிவிடுவது. அவருக்குப் பிடித்துப்போனால் மாற்று நிலம் கொடுப்பார்கள். மைதானத்துக்கு 'பொன்னுத்தாய் விளையாட்டரங்கம்' என்று பெயர் வைக்கச் சொல்வது. மாமியார் பெயரைக் கேட்டதும் அம்சவல்லி உருகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவது. இந்தக் கடைசிக் காட்சியை அவர் மனசுக்குள் பல தடவை ஓட்டிப் பார்த்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அம்சவல்லி நன்றாகவே அழுதாள்.

நாள் குறித்தது செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு நூறு நாள் வேலையில் பெண்கள் எல்லாரும் கிழக்கே வாய்க்கால் தூர் வாரப் போவார்கள். மேட்டூரில் இன்னும் தண்ணீர் விடவில்லை. கோடை உழவு முடிந்து நிலம் வெறுமையாகக் கிடந்தது. ரெத்தினம் விடியற்காலையே போய் நாலு மூலையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு வந்தார்.

"கையெல்லாம் என்னங்க வெள்ளையா இருக்கு?"

"கோலம் போட்டேன்."

"எங்க?"

"ஸ்டேஷன் பிள்ளையார் கோயில்ல."

"புண்ணியமாப் போவுது," என்றாள் அம்சவல்லி. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பத்து மணிக்குக் கார் வந்தது. ஆபீசர் பெயர் வாஞ்சிநாதன். சென்னைக்காரர், கண்ணாடி போட்டவர், மண் ஒட்டாத ஷூ. கூட ஒரு சர்வேயர், மூன்று கால் உள்ள ஒரு மிஷினோடு. பஞ்சநதம் முன்சீட்டிலிருந்து அமைச்சர் மாதிரி இறங்கினார்.

"ஊர்ல எதிர்ப்பு எதுவும் இருக்காதே?" என்று கேட்டார் வாஞ்சிநாதன். "டெல்டாவுல இப்ப நிலம் அளக்கறதுன்னாலே பயமா இருக்கு சார்."

"சார், ஊரே உங்களுக்காகக் காத்துக் கிடக்கு," என்றார் ரெத்தினம்.

அது உண்மைதான் என்று அவருக்கு அப்போது தெரியாது.

சர்வேயர் மிஷினை நட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பார்த்தவர் மறு கண்ணையும் திறந்தார். வாய்க்கால் கரையில் புழுதி எழும்பியது. நாற்பது பெண்கள், மண்வெட்டியும் கூடையுமாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் அம்சவல்லி. பக்கத்தில் வார்டு மெம்பர் மெஹராஜ் பேகம், கையில் குழாய் ஸ்பீக்கர். வாய்க்கால் தூர் வாருவதற்குக் குழாய் ஸ்பீக்கர் எதற்கு என்று ரெத்தினத்துக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

வந்தவர்கள் மிஷினைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். சர்வேயர் வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டார்.

அம்சவல்லி நேராகப் புருஷனிடம் வந்தாள். "நல்ல வேளைங்க, நீங்க இங்க இருக்கீங்க. எண்ணெய் எடுக்கிற கம்பெனிக்காரன் நம்ம வயல்ல எறங்கிட்டான்னு சொன்னாங்க. ஓடி வந்தா, நீங்க முன்னாடியே மடக்கிப் பிடிச்சு வச்சிருக்கீங்க."

"இல்ல அம்சம், இவங்க வந்து..."

"பாத்துக்குங்கடி," என்று அவள் கூட்டத்தைப் பார்த்தாள். "ஒத்த ஆளா நின்னு மடக்கியிருக்காரு. இந்த மனுசனைப் போய் வெளையாட்டுப் பிள்ளைன்னு சொல்லுவீங்களே."

நாற்பது பெண்கள் ரெத்தினத்தை மரியாதையோடு பார்த்தார்கள். அந்த ஊரில் அப்படி ஒரு பார்வை அவர் மேல் விழுந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. அதை வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. 'நான்தான் இவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன்' என்று அந்த நாற்பது மண்வெட்டிகளுக்கு நடுவில் சொல்லத் தைரியமும் வரவில்லை. பஞ்சநதத்தைத் திரும்பிப் பார்த்தார். பஞ்சநதம் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க அண்ணே," என்று மெஹராஜ் பேகம் ஸ்பீக்கரைக் கையில் கொடுத்தாள்.

"நானா?"

"நீங்கதானே மடக்கினீங்க."

ரெத்தினம் தொண்டையைச் செருமினார். ஸ்பீக்கரும் செருமியது. முதலில் வார்த்தை திக்கித் திக்கித்தான் வந்தது. இது நம்ம மண்ணு என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். இதில் நெல்லைத் தவிர வேறு எதுவும் வரக்கூடாது என்றார். மறுபடியும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் பேச்சு அவர் கையில் இல்லை. பொன்னுத்தாய் கொடி நட்ட இடம் இதோ இந்த வரப்பு என்றார். ஜெயிலிலிருந்து வந்து அவள் முதல் நடவு நட்ட அன்றைக்குச் சேற்றில் உட்கார்ந்து அழுததைத் தான் பார்த்ததாகச் சொன்னார். அது அவர் இதுவரை யாரிடமும் சொல்லாத விஷயம். அம்சவல்லி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சி அப்படியே நடந்தது. கையெழுத்து மட்டும்தான் குறைந்தது.

"ஒரு பிடி மண்ணையும்..." என்று முடித்தார்.

"விட மாட்டோம்," என்று வயல் அதிர்ந்தது.

வாஞ்சிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ரெத்தினத்தையும் பார்த்தார், அம்சவல்லியையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவரும் கல்யாணம் ஆனவர்.

"கோஷம் போட்டாச்சு," என்றாள் அம்சவல்லி. "வெயில்ல வந்திருக்காங்க. சாப்பிட்டுப் போவட்டும்."

வீட்டில் அஞ்சு இலை போட்டிருந்தது. ஆபீசர், சர்வேயர், டிரைவர், பஞ்சநதம், ரெத்தினம். எண்ணிக்கை எப்படிச் சரியாக வந்தது என்று ரெத்தினம் யோசிக்கத் தொடங்கினார். செவ்வாய்க்கிழமை என்றால் நாகப்பட்டினத்திலிருந்து மீன்காரர் வருவார். வீட்டில் மீன் குழம்பு இருக்கும். இன்றைக்கு வத்தக்குழம்பு, வாழைக்காய்ப் பொடிமாஸ், கெட்டித் தயிர், மோர்.

"எங்க தாத்தாவுக்கும் இந்தப் பக்கம் நிறைய நிலம் இருந்ததாம், அம்மா," என்றார் வாஞ்சிநாதன், பொடிமாஸ் கொடுத்த தெம்பில்.

"இருந்திருக்கும் சார்," என்று அம்சவல்லி மரியாதையாக இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். "ஆமா, தஞ்சாவூருக்கு டீம் கெடைக்குமா சார்?"

ரெத்தினத்துக்கு மோர் மூக்கில் ஏறியது. இருமல் அடங்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. அந்த இரண்டு நிமிஷமும் அவள் அவருடைய தலையைத் தட்டிக்கொண்டே ஆபீசரிடம் பேசினாள்.

"செங்கிப்பட்டிப் பக்கம் எவ்வளவு மேட்டு நிலம் கெடக்கு. ஆடு மேயுது. பந்து உருள்றதுக்கு எதுக்கு சார் நெல்லு வெளையிற மண்ணு? அங்க மைதானம் வந்தா மொத டிக்கெட் நான் எடுக்கிறேன். இவருக்கும் சேத்து."

வாஞ்சிநாதன் இடது கையால் அதைக் குறித்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. இரண்டு இடத்துக்குத் தஞ்சாவூர் மூன்றாவதாக வந்திருந்தது. அறிக்கையின் நகலைப் பஞ்சநதம் கொண்டுவந்து காட்டினார். 'மைதானம்: தற்போது இல்லை. செங்கிப்பட்டி மேட்டு நிலம் அடுத்த முறை பரிசீலிக்கத்தக்கது. ஆதரவாளர்கள் குறுகிய நேரத்தில் திரண்டு குரல் எழுப்பும் ஆற்றல்: மிகச் சிறப்பு.'

மேட்டூர்த் தண்ணீர் வந்து சம்பா நடவு முடிந்திருந்தது. ரெத்தினம் வரப்பில் உட்கார்ந்து பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அம்சவல்லி டீ கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு முன்னாடியே யாரு சொன்னது?"

"பஞ்சநதம் அண்ணன் சம்சாரம். ஆபீசருக்கு மீன் ஆவாது, சைவமாச் சமைங்கன்னு போன்ல சொன்னா பிரகதாம்பா. எந்த ஆபீசர்னு கேட்டேன். முழுசாச் சொல்லிட்டா."

"தெரிஞ்சா வீட்டிலேயே வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. என்னை எதுக்குப் பேச வச்சே?"

"நான் வேணாம்னா நீங்க இன்னொரு ஆபீசரைக் கூட்டிட்டு வருவீங்க. இப்ப நாப்பது பேரு முன்னாடி நீங்களே வேணாம்னுட்டீங்க." டீயை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஆனா நல்லாப் பேசினீங்க. அத்தை அழுத கதை எனக்கே தெரியாது."

ரெத்தினத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. டீயை ஒரு வாய் குடித்தார்.

"அதனாலதான் நிலப் பாதுகாப்புக் குழுவுக்கு உங்களைத் தலைவராப் போட்டிருக்கோம்," என்றாள் அம்சவல்லி. "மாசம் ஒரு கூட்டம். நீங்க வந்து உக்காந்தாப் போதும், என்ன பேசணும்னு நான் எழுதித் தந்துடறேன்."