கரி பஸ் திவானும் முன்சீட்டுப் பெரியவரும்

சேலம் ஜில்லாவிலேயே மனிதர்களை "ஏ மூட்டை!" என்றும் ஒரு நாயை "வாங்க பெரியவரே!" என்றும் அழைத்த ஒரே பிரகிருதி எங்கள் திவான்தான். இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார்.

திவான் என்றதும் ஏதோ சமஸ்தானத்துத் திவான் என்று எண்ணிவிட வேண்டாம். குமாரபாளையத்துக்கும் சேலத்துக்குமாக ஓடிய கரி பஸ்ஸின் டிரைவர். காக்கிக் கோட்டும் முண்டாசும் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் வலமும் இடமும் பார்க்கமாட்டார். எதிரே வருகிறவன் அவரைப் பார்த்து ஒதுங்கவேண்டும், அவ்வளவுதான். அந்தத் தோரணையைப் பார்த்து யார் வைத்த பெயரோ, முதலாளியே அவரைத் திவான் என்றுதான் கூப்பிட்டார்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் நம்முடைய பஸ்கள் அடுப்புக்கரியில் ஓடின. வண்டியின் பின்னால் பெரிய அண்டா மாதிரி ஓர் உருளை இருக்கும். அதில் கரியைக் கொட்டி, நெருப்பு வைத்து, விசிறியின் கைப்பிடியைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால், கடைசியில் புகை மனமிரங்கி இஞ்சினுக்குள் போகும். நடுவழியில் வண்டியை நிறுத்தினால் தீர்ந்தது. எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டும். டிக்கெட் வாங்கியவன் தள்ளுவான் என்பது அந்தக் காலத்தில் எழுதாத சட்டம். முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்காருகிறவருக்கு மட்டும் விலக்கு உண்டு. எங்கள் பஸ்ஸில் அந்தச் சிம்மாசனம் ஒரு நூல்கடைக்காரருக்கு நிரந்தரம். நான் சேலத்தில் காலேஜ் படித்தவன். சனிக்கிழமை ஊருக்கு வந்து திங்கட்கிழமை திரும்புவேன். நான் படித்ததைவிடத் தள்ளியது அதிகம்.

ஒரு திங்கட்கிழமை, சங்ககிரி தாண்டி நடுரோட்டில் ஒரு நாய் படுத்திருந்தது. கிழட்டு நாய். உடம்பில் ரோமத்தைவிடச் சொறி அதிகம். எலும்புகளைத் தூரத்திலிருந்தே எண்ணிவிடலாம். திவான் ஹாரனை அமுக்கினார். நாய் அசையவில்லை. மறுபடி அமுக்கினார். வண்டியிலிருந்த கைக்குழந்தைகள் எல்லாம் எழுந்து அழுதன. நாய் மட்டும் தூங்கியது.

பஸ்ஸை நிறுத்திவிட்டார். யாருக்கும் நிறுத்தாத மனுஷர்!

"அது செவுடுங்க. கல்லெடுத்துப் போட்டா ஓடிப்போயிரும்" என்றான் கண்டக்டர்.

"உன்ற அப்பனுக்குக் காது கேக்காட்டி கல்லுலயா போடுவே?" என்று அவனை அடக்கிவிட்டுத் திவான் இறங்கினார். நாயின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "ஏனுங்க பெரியவரே, சித்த நவுந்துக்குங்க. வண்டி போகோணும்" என்றார்.

பெரியவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, மூடிக்கொண்டார். திவான் அவரை அப்படியே இரண்டு கையாலும் அள்ளி எடுத்து வேப்பமரத்து நிழலில் படுக்கவைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "என்ன பாக்கறீங்க மூட்டைகளா, எறங்கித் தள்ளுங்க!" என்றார்.

அந்த வாரம் தினமும் அதே இடம், அதே நாய், அதே உபசாரம், அதே தள்ளல் என்று கேள்வி. அடுத்த திங்கட்கிழமை நான் ஏறும்போது பெரியவர் முன்சீட்டில் கோணிப்பை விரித்துப் படுத்திருந்தார். நூல்கடைக்காரர் பின்னால் கூடைகளுக்கு நடுவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நானு காசு குடுத்து ஏறுறனா, அது குடுத்து ஏறுதா?" என்று கேட்டார்.

"அவரு வயசுக்கு உங்கிட்ட வந்து டிக்கெட்டுக் காட்டோணுமா? பேசாம உக்காரு" என்றார் திவான்.

வைத்தியம் ஆரம்பமாயிற்று. வேப்பெண்ணெயில் கந்தகத்தைக் குழைத்துப் பூசும்படி மாட்டு டாக்டர் சொல்லியிருந்தாராம். கரிப்புகை, கந்தகம், வேப்பெண்ணெய் மூன்றும் கலந்த வாசனையில் நாங்கள் சேலம் போய் இறங்கினால், காலேஜில் என் பெஞ்சில் யாரும் உட்காரமாட்டார்கள். பெரியவருக்குப் பல் இல்லை. ஆகையால் திவான் ராகிக் களியை மோரில் கரைத்துத் தகரக் குவளையில் கொண்டுவருவார். மகுடஞ்சாவடியில் வண்டி நின்றதும் அதை விரலால் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் ஆறுகிற வரைக்கும் வண்டி புறப்படாது.

"ஏனுங்க, எங்களுக்குக் கலியாணத்துக்கு நேரமாச்சுங்க" என்று ஒரு தடவை ஒரு பெரிய குடும்பமே கெஞ்சியது.

"தாலி ஆறாதில்ல? களி ஆறட்டும்" என்றார்.

மெல்ல மெல்ல சொறி உதிர்ந்தது. புது ரோமம் முளைத்தது. என்ன நிறம் என்று பஸ்ஸில் பெரிய தர்க்கம். கரித்தூள் படிந்து படிந்து எல்லோரும் கறுப்பு என்றே நினைத்திருந்தோம். ஒருநாள் காவிரியில் இறக்கிக் குளிப்பாட்டினால், அசல் செவலை! வயசான ஜமீன்தார் மாதிரி ஒரு களை. பஸ்ஸில் வருகிறவர்கள் ஒருவர் இட்லியைப் பிட்டுக் கொடுப்பார், ஒருவர் முதுகைச் சொறிந்துவிடுவார். ஆனால் பெரியவர் வாலை மட்டும் ஆட்டவே இல்லை. எத்தனை பேரிடம் ஏமாந்த வாலோ!

அதுவும் ஒருநாள் ஆடியது. சங்ககிரிக்குப் பக்கத்தில் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். கண்டக்டர், "ஆட்டுதுங்க! வாலை ஆட்டுதுங்க!" என்று அலறினான். ரோட்டைத் தவிர எதையும் பாராத திவான் திரும்பினார். பார்த்தார். வண்டி நின்றுவிட்டது. மேட்டில் நின்ற கரி பஸ்ஸைத் தள்ளுவது எப்பேர்ப்பட்ட வேலை என்று தள்ளியவனைக் கேட்டால் தெரியும். அன்றைக்கு ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. சிரித்துக்கொண்டே தள்ளினோம்.

ஆனால் நூல்கடைக்காரர் அதற்கு முன்பே முதலாளியிடம் போய்ச் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, திவான் படுத்துத் தூங்கும் நேரம் பார்த்து முதலாளி குமாரபாளையம் வந்தார். பெரியவரை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி, காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பவானியில் விட்டுவிட்டு வரும்படி ஆளை அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் முன்சீட்டில் வெறும் கோணிப்பைதான் கிடந்தது. கண்டக்டர் அழாத குறையாக விஷயத்தைச் சொன்னான். "வெடிய முன்னே போயித் தேடிப் பாத்துட்டனுங்க. 'பெரியவரே, பெரியவரே'ன்னு தெருத்தெருவாக் கூப்புட்டேன். ஊர்லிருக்கிற கெழவருங்க அத்தன பேரும் என்னன்னு வந்து கேட்டாங்க, இவரைக் காணமுங்க."

"செவுட்டு மனுசனைக் கூப்புட்டுத் தேடினியாக்கும்! கண்ணும் மங்கல். அவருக்குத் தெரிஞ்சது இந்தப் பொகை வாசம் ஒண்ணுதான்" என்றார் திவான். பஸ்ஸின் மூக்கைப் பாலத்துப் பக்கம் திருப்பினார்.

கண்டக்டர் குறுக்கே விழுந்தான். "ஐயோ, வேண்டாமுங்க! பாலத்தைத் தாண்டுனா கோயமுத்தூர் ஜில்லாவுங்க. நமக்குப் பர்மிட்டு இக்கரையோட சரி. புடிச்சா முதலாளி உங்களை ஊட்டுக்கு அனுப்பிருவாருங்க."

திவான் யோசித்தார். இஞ்சினை நிறுத்தினார். "பர்மிட்டு ஓடற வண்டிக்குத்தானே? ஓடாத வண்டி வெறும் தகரம். தகரத்தைத் தள்ளிட்டுப் போறதுக்கு எந்தச் சர்க்கார் பர்மிட்டுக் கேக்குது? எறங்குங்க எல்லாரும்!" என்றார்.

இறங்கினோம். சேலத்துக்குத் துணி மூட்டையோடு புறப்பட்ட நெசவாளர்கள், சந்தைக்குப் போகிற பெண்கள், நான், எல்லோரும் தோளைக் கொடுத்தோம். கண்டக்டர் பின்படியில் தொற்றிக்கொண்டு விசிறியைச் சுற்றினான். பஸ் தானாக ஓடாமல், புகையை மட்டும் குபுகுபுவென்று கக்கிக்கொண்டு காவிரியைக் கடந்தது. பக்கத்தில் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். நூல்கடைக்காரர்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டிருந்தார்.

"நீங்களுமாங்க?" என்றேன்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயி உடுவாருன்னு நானு கண்டனா? சீட்டு வேணுமின்னுதானே கேட்டேன்" என்றார். இன்னும் குனிந்து தள்ளினார்.

அக்கரையில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். "என்னய்யா இது?"

"பஸ்ஸுங்க."

"பர்மிட் இருக்கா?"

"ஓடறப்போ இல்லீங்க. இப்ப ஓடலீங்களே" என்றார் திவான், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. போலீஸ்காரர் பஸ்ஸைச் சுற்றி வந்து பார்த்தார். இந்தக் குற்றத்துக்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே ஒரு கட்டைவண்டிக்கு அடியிலிருந்து ஒரு செவலை மூக்கு நீண்டது. காற்றில் வந்த புகையை முகர்ந்தது. பெரியவர் அவசரப்படவில்லை. தாமதமாக வந்த காருக்குக் காத்திருந்த கனவானைப் போல நிதானமாக நடந்து வந்து, முன்படிக்கு எதிரே நின்று, தூக்கிவிடுவதற்காகக் காத்திருந்தார். வால் மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. உடம்பையே ஆட்டியது.

திவான் இறங்கி அள்ளிக்கொண்டார். "எங்க போயிட்டீங்க? டயம் என்னாச்சுன்னு பாத்தீங்களா?" என்று கோபித்தார். கோபிக்கும்போது முண்டாசு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்றார். புகை பின்னால் அல்லவா வந்துகொண்டிருந்தது!

பஸ்ஸை மறுபடி இக்கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேலம் போய்ச் சேர்ந்தால், விஷயம் அதற்குள் காதுக்கு எட்டி, முதலாளி தயாராகக் காத்திருந்தார். பக்கத்தில் ஒரு புது டிரைவர். "நாயும் நீயும் எறங்குங்க" என்றார். திவான் பெரியவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். புது டிரைவர் ஏறி உட்கார்ந்தார். ஊருக்குத் திரும்புகிற ஜனங்கள் தகவல் அறிந்து கூடிவிட்டார்கள். நானும் காலேஜுக்குப் போகவில்லை.

வண்டி கிளம்பவில்லை. "ம், தள்ளுங்க" என்றார் முதலாளி.

ஒருவரும் அசையவில்லை. நூல்கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "முன்சீட்டுல பெரியவரு உக்காந்தாத்தானுங்க முதலாளி, எங்களுக்குக் கை வருது."

முதலாளி கோட்டைக் கழற்றிவிட்டுத் தாமே தள்ளிப் பார்த்தார். பஸ் கிடக்கட்டும், அவரே நகரவில்லை. கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு திவானைப் பார்த்து, "ஏறித் தொலையப்பா. ரெண்டு பேரும்" என்றார்.

படிப்பு முடிந்ததும் எனக்குப் பட்டணத்தில் வேலை கிடைத்தது. ரெயிலைப் பிடிக்கச் சேலத்துக்குக் கிளம்பினேன். திவான் முன்சீட்டைக் காட்டி, "இந்தப் பக்கமா ஏறு சாமி. பெரியவரு நவுந்துக்குவாரு" என்றார். என்னை அவர் மூட்டை என்று சொல்லாதது அதுதான் முதல் தடவை. பெரியவரும் மரியாதையாக அரைச் சீட்டை விட்டுக்கொடுத்து, தலையை என் மடியில் வைத்துத் தூங்கிவிட்டார்.

வெகுதூரம் போனபிறகு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் திவான் கேட்டார்: "ஏஞ் சாமி, பட்டணத்துல பஸ்ஸு வழியில நின்னுபோனா, சனங்க எறங்கித் தள்ளுவாங்களா?"

"மாட்டாங்கன்னு நெனக்கிறேனுங்க. இருக்கிற வண்டிய உட்டுட்டு வேற வண்டியில ஏறிப் போயிருவாங்க."

மகுடஞ்சாவடி வருகிறவரைக்கும் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தார் போலிருக்கிறது. பிறகு மெல்லக் கேட்டார்:

"அப்ப நீ அங்க எப்படி இருப்பே?"