ஓடத்தைப் பற்றி நான் பேசாத பேச்சு

ஓமாராகித் துறைமுகம்,
ஞாயிறு மாலை

மதிப்பிற்குரிய அண்ணன் ஹோஹெபா அவர்களுக்கு, தம்பி எருவேரா பணிவுடன் எழுதுவது. நானும் அண்ணி நாஹுயாவும் நலம். ஆக்லாந்து மருத்துவமனையில் வைத்த புது முழங்கால் தங்கள் சொல்லைக் கேட்கிறதா?

நம் பெண் கஹுவின் மாப்பிள்ளை வீட்டார் நேற்று வந்தார்கள். தாங்கள் இல்லாததால் கூட்ட முற்றத்தில் கோலைப் பிடித்து வரவேற்புரை சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பள்ளியில் பூகோளம் நடத்தியவன்தான். ஆனால் பூகோளத்துக்கு யாரும் எழுந்து பதில் பேசுவதில்லை. அதிலும், "அவங்க தாத்தா நம்ம தாத்தாவோட ஓடத்தைக் கொண்டுபோனத விடாம சொல்லுடா" என்று தாங்கள் தொலைபேசியில் வேறு சொல்லிவிட்டீர்கள். சொன்னால் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் தங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று பயம். அண்ணியிடம் போய், "தடுமாறினா இருமுவேன், பேச்சு முடிஞ்சதும் பொண்ணுங்க பாடற பாட்டை உடனே எடுத்துடுங்க அண்ணி" என்றேன். "பாட்டு முடிஞ்சா பேச்சும் முடிஞ்சுது, அப்புறம் அழக்கூடாது. உங்க அண்ணனையே பாடி உக்கார வச்சவ நான், நீங்க எந்த மூலை கொழுந்தனாரே!" என்றார்.

எழுந்தேன். மலையை வணங்கினேன், கடலை வணங்கினேன், அவர்கள் முன்னோரை வணங்கினேன், என்ன ஆச்சரியமோ குரல் நடுங்கவில்லை, தைரியம் வந்து "அந்தக் காலத்தில்..." என்று தொடங்கிய கணத்தில், சதுப்பிலிருந்து வந்த ஒரு பூச்சி நேரே தொண்டைக்குள் போய்விட்டது. இருமினேன். பெண்கள் அத்தனை பேரும் எழுந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். தாளம் போடுகிறேன் என்று நினைத்து அண்ணி இரண்டாம் அடியையும் எடுத்தார். உட்கார்ந்துவிட்டேன்.

எதிரே மாப்பிள்ளையின் பெரியப்பா டேமாட்டி எழுந்தார். "என்னங்க, ஓடத்தப் பத்தி ஒண்ணுமே பேசலயே? பஸ்ல வழி பூரா பதில் யோசிச்சுக்கிட்டு வந்தேனே!" என்றார் பரிதாபமாக. பின்னாலிருந்து அவர் மனைவி, "அதான் அவங்களே பெரிய மனசு பண்ணி விட்டுட்டாங்கல்ல, நீங்களும் விடுங்க. மீன் ஆறுது" என்றார். முற்றமே சிரித்தது. மூக்கோடு மூக்கு வைத்து உறவானோம், மீனும் சிப்பியும் பொரித்த ரொட்டியும் தின்றோம், கல்யாணத்துக்கு நாளும் குறித்தாயிற்று.

பெரிய மனசு என்ற பெயர் எனக்கு வந்துவிட்டது. பூச்சியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. கஹுவின் முகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த ஓடத்தை மறந்துவிடுவோம் அண்ணா. விரைவில் வந்து கோலை வாங்கிக்கொள்ளுங்கள். இனி நான் அதைத் தொடமாட்டேன்.

முன்னோர் தங்களுக்கும் தங்கள் முழங்காலுக்கும் துணையிருக்கட்டும்.

அன்புத் தம்பி,
எருவேரா

பி.கு.: புறப்படும்போது டேமாட்டி என் மூக்கிலிருந்து மூக்கை எடுக்காமலே, "ஓடம் எங்க கொட்டகையிலதான் இருக்கு வாத்தியாரே, இன்னும் நல்லா மிதக்குது" என்று கிசுகிசுத்தார். அடுத்த மாதம் பதில் விருந்துக்கு நாங்கள் அவர்கள் ஊருக்குப் போகிறோம். தாங்கள் அவசரப்பட்டு வர வேண்டாம், கால் ஆறட்டும். ஓடத்தைத் திருப்பிக் கேட்கும் பேச்சு எனக்குப் பாதி மனப்பாடமாகிவிட்டது. அன்றைக்கு மட்டும் அண்ணிக்குத் தொண்டை கட்டிக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.