சயாமில் போய் நின்ற கோடு

பண்டார் பாரு,
சனிக்கிழமை.

சிடாம் கிரியில் இருக்கும் மரியாதைக்குரிய பிச்சை அண்ணனுக்கு, தங்கை மருதம்மாள் வணங்கி எழுதுவது. இங்கே என் மகன் ஜெயகுமாரும் நானும் என் முட்டியைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே நீங்களும் அண்ணியும் உங்கள் சேவல்களும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். எட்டு வருஷம் பேசாதவளிடமிருந்து கடிதமா என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வீர்கள். உங்களோடு பேசமாட்டேன் என்றுதான் அன்றைக்குச் சத்தியம் பண்ணினேன். எழுதமாட்டேன் என்று பண்ணவில்லை.

விஷயம் என் பேத்தி லோகேஸ்வரியைப் பற்றியது. ஆஸ்திரேலியாவில் நட்சத்திரப் படிப்புப் படித்து டாக்டராகப் போகிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, அது இப்போது தெருவுக்கு நாலு பேர். டிசம்பரில் பட்டம் கொடுக்கிறார்கள், பாட்டி முன்வரிசையில் உட்கார வேண்டும் என்கிறாள். உட்கார பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குக் குடிமக்களுக்குக் கொடுக்கிற நீல அடையாள அட்டை, அந்த நீல ஐசி வேண்டும். என்னிடம் இருப்பதோ பிறப்புப் பத்திரம் இல்லாத காரணத்தால் குடியுரிமையும் இல்லாமல் கொடுத்த சிவப்பு ஐசி. நான் இந்த நாட்டில்தான் பிறந்தேன் என்று காட்ட வேண்டுமாம். இத்தனை வருஷம் இந்த மண்ணில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவளிடம் கேட்கிற கேள்வியா இது, சொல்லுங்கள்.

பேத்தியின் படிப்பையும் கேளுங்கள். பெரிய நட்சத்திரம் வெடிக்கும்போது அதன் கொட்டை மட்டும், யாரோ எட்டி உதைத்த மாதிரி, பிய்த்துக்கொண்டு ஓடுமாம். அதற்கு பல்சார் என்று பேர். சுவர்க் கடிகாரம் மாதிரி துடித்துக்கொண்டே ஓடும். அது ஓடிப் பல லட்சம் வருஷம் ஆன பிறகு என் பேத்தி உட்கார்ந்து, இது எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்கிறாள். வருஷத்துக்கு எவ்வளவு நகர்கிறது என்று அளக்கிறாள், அலோர் ஸ்டாரில் நிற்பவன் தலைமுடி ஒன்று அசைந்ததைச் சுங்கை பட்டாணியில் இருந்து பார்க்கிற மாதிரி. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தால் விளக்குக் கம்பம் இடம் மாறித் தெரிகிறதே, அதை வைத்துத் தூரம். பூமி சூரியனுக்கு இந்தப் பக்கம் இருக்கும்போது ஒரு பார்வை, ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனதும் ஒரு பார்வை. நகர்ச்சி, தூரம், வயது மூன்றும் தெரிந்தால், வந்த வழியே பின்னால் நடத்திக்கொண்டு போய் வெடித்த இடத்தில் நிறுத்திவிடலாம்.

கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. நட்சத்திரத்துக்கு ஆகும் கணக்கு மருதம்மாளுக்கு ஆகாதா? யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பில் கணக்கில் முதலாவது வந்தவள் நான், மூன்றோடு நின்ற உங்களுக்கே தெரியும். வரைபடம் ஒன்றை விரித்து, இப்போது பண்டார் பாரு, அதற்கு முன்னால் சிடாம் கிரி என்று புள்ளி வைத்து, வருஷத்துக்கு எவ்வளவு நகர்ந்தேன் என்று கணக்குப் போட்டு, ஐசியில் இருக்கிற வயது முழுவதற்கும் கோட்டை வடக்கே இழுத்தேன். அதைப் பாரத்தோடு சேர்த்து ஆபீசில் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் தங்கமான பெண். சொந்தப் பாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி நெனெக் என்றுதான் கூப்பிட்டாள். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நெனெக், கோடு ஜித்ராவைத் தாண்டிப் போகுதே.”

“தாண்டட்டும்லா, ஜித்ரா பக்கம்தானே.”

“பக்கம் இல்ல நெனெக். இது சயாம்.”

என் கையாலேயே என்னை நாடு கடத்திக்கொண்டேன். லீவுக்கு வந்து என்னை ஆபீசுக்குக் கூட்டிப் போன லோகேஸ்வரி வீட்டுக்கு வந்தும் சிரிப்பை நிறுத்தவில்லை. “பாட்டி, பல்சார் நேரா போகும். நீங்க பஸ் ஏறி இறங்கிப் போனீங்க. அதோட வயசு தப்புன்னா பொறந்த எடமும் தப்பாத்தான் வரும்.” வயது தப்புதான். சீக்கிரம் வேலைக்கு எடுப்பார்கள் என்று அப்பா தோட்டத்தில் பேர் எழுதுகிற கிராணியிடம் இரண்டு வயது கூட்டிச் சொன்னாரே, அந்த இரண்டு வருஷம்தான் எல்லைக் கம்பியைத் தாண்டிவிட்டது.

கவுண்டர்ப் பெண் சொன்னது, “நாட்டுக்குள்ள எந்த எடமா இருந்தாலும் சரி நெனெக். நீங்க பொறந்ததைப் பார்த்த மூத்தவங்க யாராவது உயிரோட இருக்காங்களா?”

“ஒருத்தர் இருக்கார். பேச்சுவார்த்தை இல்ல.”

“அப்ப பேசுங்க.”

அதனால் எழுதுகிறேன். ஜித்ரா தோட்டத்தில் இருந்து சிடாம் கிரிக்குக் குடும்பம் மாறியபோது உங்களுக்கு ஆறு வயது. கிளம்புவதற்கு முன்பே தோட்டத்து ஆஸ்பத்திரியில், கட்டிலில், நர்ஸ் கையில் நான் பிறந்தேன் என்று பாரத்தில் எழுதியிருக்கிறேன். நீங்களோ எட்டு வருஷத்துக்கு முன் என் பேரன் யோகேஸ்வரன் கல்யாணத்தில், பந்தியில், சம்பந்தி வீட்டார் இலைக்கு முன்னால், “எங்க மருதுவா? அவ சாமான் லாரியில பொறந்தவ லா, அதான் இன்னும் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குறா” என்றீர்கள். சம்பந்திக்குப் புரை ஏறியது. அன்றைக்கு லாரியில் நீங்கள் தூங்கிக்கொண்டு வந்தீர்கள் என்பதே என் கட்சி. வருகிற வியாழக்கிழமை சாட்சி சொல்ல வந்து, ஆஸ்பத்திரி என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் என் பேத்தியின் முன்வரிசை இருக்கிறது.

ஒன்றை மட்டும் லோகேஸ்வரியாலும் அளக்க முடியாதாம். பல்சார் வானத்தில் குறுக்கே ஓடுவது தெரியும். நம் பக்கம் வருகிறதா, நம்மை விட்டு விலகுகிறதா என்பது தெரியாதாம். கேட்டதும் உங்கள் ஞாபகம்தான் வந்தது.

அண்ணிக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல், பத்திரத்தோடு வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
எங்கேயோ பிறந்த தங்கை
மருதம்மாள்

பின்குறிப்பு: ஞாயிறு மத்தியானம். நேற்று ராத்திரி உறையை ஒட்டுமுன் லோகேஸ்வரி படித்துவிட்டாள். “பாட்டி, நட்சத்திரம் எங்க பொறந்தா கௌரவம்னு பார்த்து நான் எழுதினா எனக்கு யார் பட்டம் குடுப்பா?” என்றாள். அம்மாவும் சாகுமுன் என்னிடம் லாரி என்றுதான் சொன்னாள், ஆட்டுக்கும் அம்மிக்கல்லுக்கும் நடுவில் என்று. உங்களிடம் மட்டும்தான் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே வெள்ளி, சனிதானே லீவு, இன்று காலையில் ஆபீசுக்குப் போய்ப் பாரத்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன். பிறந்த இடம்: ஜித்ரா ரோட்டில், லாரி. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, உங்கள் மருமகள் புஷ்பவள்ளி போன் செய்கிறாள். ஜெயகுமார் எனக்குத் தெரியாமல் உங்களிடம் எல்லாம் சொன்னானாம். தங்கச்சிக்காக ஆஸ்பத்திரி என்றே சொல்லப்போவதாக வேட்டியைத் தேய்த்து வைத்து, நர்ஸுக்குப் பேர்கூட யோசித்து வைத்திருக்கிறீர்களாம். வேண்டாம் அண்ணே. எட்டு வருஷம் பிடித்த பிடியை வியாழக்கிழமை வரைக்கும் விடாதீர்கள். லாரி. மறக்காமல் ஆட்டையும் சொல்லுங்கள்.