தேய்ந்த விசையின் மகிமை

நெருப்பு, சக்கரம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மனித வரலாற்றில் பொறிக்கப்பட வேண்டியது, 2004-இல் எங்கள் இராமநாதபுரம் விதை விநியோக அலுவலகம் கறுப்புத் திரையிலிருந்து வலைப்பக்கத்துக்கு மாறிய நிகழ்ச்சிதான். கண்காணிப்பாளர் என்ற முறையில் அடக்கத்துடன் சொல்கிறேன்: அந்தப் பெருமையில் முக்கால் பங்கு என்னுடையது.

அதுவரை எங்களிடம் இருந்தது கறுப்புத் திரையும் பச்சை எழுத்தும் கொண்ட பழைய கணினி. எஃப் இரண்டு என்ற விசையைத் தட்டினால் விதைநெல் சீட்டு வரும். எஃப் ஏழைத் தட்டினால் 'கம் டுமாரோ' என்று வரும். ஆங்கிலம் அறியாத குடியானவர்களுக்கு அதைத் தமிழில் பெயர்த்துச் சொல்வது என் அன்றாட 'இலக்கியப் பணி'.

அந்த இலக்கியத்தை அதிகம் கேட்டவர் உப்பூர்ப் பக்கத்து நாகலெட்சுமி. வானம் பார்த்த நிலம். மழை விழுமுன் விதைத்தாக வேண்டும். சீட்டு இல்லாமல் நெல் கிடையாது.

"சார், உழுது போட்டுட்டேன். சீட்டக் குடுத்தீகன்னா வெதச்சிருவேன்."

"கொஞ்சம் பொறும்மா. நாங்களே பயிற்சியில இருக்கோம்."

பயிற்சி கொடுக்க வந்தவர் சதக், கீழக்கரை இளைஞர். "எல்லாத் திரையையும் மாத்த நேரமில்ல சார். ஜனங்களுக்கு அதிகமா பயன்படுறத மட்டும் வலைப்பக்கமா மாத்துவோம். எதுன்னு சொல்லுங்க" என்றார்.

சும்மா வாயால் சொல்லிவிடுகிறவர்களா நாங்கள்? ஆய்வுக் குழு அமைத்தோம். வடையோடு கூடினோம், வடை தீர்ந்ததும் கலைந்தோம். கடைசியில் விசைப்பலகையையே சாட்சிக்கு அழைத்தோம். எஃப் இரண்டு வாங்கிய அன்றுபோலவே மின்னியது. எஃப் ஏழு எழுத்தழிந்து, நடுவில் குழியே விழுந்திருந்தது.

"அடேங்கப்பா! அவ்வளவு முக்கியமான சேவையா சார்?"

"இந்த ஆபீஸே அதுலதான் ஓடுது தம்பி" என்றேன். அதில் பொய்யில்லை.

"அப்ப எஃப் ரெண்டு?"

"யாரும் தொடுறதில்ல."

விதைச் சீட்டு 'தேவையற்ற திரை' என நீக்கப்பட்டது.

திறப்பு விழாவன்றும் நாகலெட்சுமி வந்து வாசலில் நின்றார். அவரையே 'முதல் பயனாளி'யாக உள்ளே அழைத்து மௌசைக் கையில் கொடுத்தோம். அந்நேரம் பார்த்து வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவர் பதறிப்போய் அமுக்கினார். திரையில் தாமரை சுழன்றது, மயில் தோகை விரித்தது. அதன் கீழே கொட்டை எழுத்தில், பாமரரும் படிக்கும் நல்ல தமிழில், 'நாளை வரவும்' என்று தோன்றியது. நாங்கள் கைதட்டினோம்.

எழுத்துக்கூட்டிப் படித்தார் நாகலெட்சுமி. முகம் சிவந்துவிட்டது.

"மழ வந்துருச்சே சார்! வயக்காடு நனையுது, வெதைக்க ஒரு மணி நெல்லு இல்ல. இம்புட்டு நாளா இதையா செஞ்சீக?"

"தமிழ்லயே செஞ்சிருக்கோம்மா!"

"அதத்தான் கேக்குறேன். இத்தன வருசமா நீங்க வாயால சொன்னத இப்பப் பொட்டியே சொல்லிருது. இனி ஒங்களுக்கு இங்கன என்ன சோலி?"

தக்க பதில் சொல்ல என் விரல் தானாகவே எஃப் ஏழைத் தேடிப் போனது. அந்த விசைப்பலகையை அன்று காலைதான் பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருந்தோம்.