நண்டுக்கு முன்னால் ஒரு பக்கம்

அஸ்தினாபுரம்,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய அத்திம்பேர் ராஜாராமன் அவர்களுக்கு, கஸ்தூரிரங்கன் நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயிலை மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. ஊரப்பாக்கத்தில் அக்காவின் முழங்கால் வலி தேவலை என்று நம்புகிறேன்.

நீங்கள் அவசரக்காரர் என்பதால் கடிதத்தின் சாரத்தை முன்னாலேயே தந்துவிடுகிறேன்:

1. நூலகத்தின் கோடை வாசிப்பு முகாமில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்க நான் லாயக்கில்லை.
2. என்னால் நூலகத்துக்குக் கெட்ட பெயர் வந்துகொண்டிருக்கிறது.
3. பிள்ளைகள் மரியாதைக்காகத்தான் என்னைச் சகித்துக்கொள்கிறார்கள்.
4. ஆகவே சனிக்கிழமை நிறைவு விழாவில் எனக்குப் பதிலாக அசரியா சார் வாசிக்க, வாசகர் வட்டத் தலைவரான தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

தலைவர் பதவியை ஊரப்பாக்கத்திலிருந்தபடியே போனில் நடத்தும் தாங்கள், "சும்மா உக்காந்து ஒரு கதை படிக்கணும், அவ்ளோதான்டா ரங்கா" என்று என்னை மாட்டிவிட்டீர்கள். வானிலை அலுவலகத்தில் ஆயுசெல்லாம் 'மழை பெய்யக்கூடும்' என்று எழுதியவன், 'ஒரு ஊரில் ஒரு நண்டு இருந்தது' என்று எந்தத் துணிச்சலில் அடித்துச் சொல்வான்? முதல் நாள் நூலகர் ஞானசௌந்தரி மேடம் 'தண்ணீர் லாரியில் ஏறிய நண்டு' என்ற புத்தகத்தைக் கையில் கொடுத்தார். எதிரே தரை நிறையப் பிள்ளைகள். எதையும் முதலிலிருந்து தொடங்குவதுதான் முறை என்று அட்டையைத் திருப்பி, கதைக்கு முன்னால் இருக்கும் நூல் விவரப் பக்கத்தை வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். முதற்பதிப்பு, எழுத்தின் அளவு பதினாறு புள்ளி, தாள் மேப்லித்தோ, கட்டுமானம் சாதா அட்டை. இது உலகத்தில் யாருமே வாசிக்காத பக்கம் என்பது பாதியில்தான் உறைத்தது. ஆனால் நிறுத்தத் தைரியம் வரவில்லை. மெர்வின் என்ற பையன் எழுந்து, "தாத்தா, மேப்லித்தோ யாரு? வில்லனா?" என்றான். காகிதம் என்றேன். நம்பவில்லை. ஒவ்வொருவராக வந்து தாளைத் தடவி, முகர்ந்து, டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஆராய்ந்தார்கள். நேரமெல்லாம் இதிலேயே போய்விட்டது. அன்றைக்கு நண்டு லாரியில் ஏறவே இல்லை.

அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் கேட்டார்கள். கேட்டதோடு விட்டார்களா? வீட்டில் உள்ள பண்டம், பாத்திரம், மனிதர்கள் எல்லாவற்றுக்கும் விவரம் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். திங்களன்று மெர்வினின் அம்மா தபீதாள் நேரே வந்துவிட்டார். அவர் பள்ளி ஆசிரியை. குரல் கடைசி அலமாரி வரை கேட்கும்.

"சார், மேப்லித்தோ தாத்தா நீங்கதானா?"

நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன்.

"இட்லிய கையில வெச்சுக்கிட்டு, 'பெயர் இட்லி, மூன்றாம் பதிப்பு, மாவு முந்தாநேத்து'ன்னு படிக்கிறான் சார். சரி, போகட்டும். தங்கச்சிய 'மலிவுப் பதிப்பு'ங்கிறான். அதுவும் போகட்டும். சர்ச் வாசல்ல எங்க மாமியாரக் காட்டி, 'பழைய பதிப்பு, கட்டுமானம் லூஸு'ன்னுட்டான்! நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு அவங்க எங்கிட்ட பேச்சையே நிறுத்திட்டாங்க."

"மன்னிச்சுக்கோங்கோம்மா. இனிமே கட்டுமானத்த விட்டுடறேன்."

"அப்போ, பழைய பதிப்பு?"

ஞானசௌந்தரி மேடம் முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஒரு பெண்மணியை அழவைத்துவிட்டோமே என்று அன்று இரவு எனக்கு மோர்கூட இறங்கவில்லை.

பிள்ளைகள் தினமும் வருகிறார்களே என்பீர்கள். மின்விசிறிக்காகவும் வரலாம் அல்லவா? ஸஹானா என்ற பெண் என் நாற்காலியைத் தினமும் துடைத்து வைக்கிறாள். நல்ல வளர்ப்பு, அவ்வளவுதான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அத்திம்பேர், அந்த ஒரு மணி நேரம் எனக்கு ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. அதனால்தான் பயப்படுகிறேன். விழாவில் பெற்றோர் அத்தனை பேர் எதிரிலும் நான் எதையாவது உளறி, அடுத்த வருஷம் முகாமே வேண்டாம் என்று ஆகிவிட்டால் அந்தப் பாவம் என் தலையில் விடியும். அசரியா சார் தலைமையாசிரியராக இருந்தவர். கதை வாசிக்கும்போது லாரி மாதிரி ஹாரன் அடிப்பார், நண்டு மாதிரி பக்கவாட்டில் நடப்பார். என்னால் நேராக நடப்பதே சிரமம்.

அக்காவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள். பெருமாள் கடாக்ஷத்தில் உங்கள் இருவருக்கும் இந்தக் கோடை சீக்கிரம் தணியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்
கஸ்தூரிரங்கன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வியாழன் வந்துவிட்டது. இன்று ஒத்திகை. நான் கெஞ்சியதால் அசரியா சார் வாசித்தார். நான் நாளிதழ்ப் பகுதியில் ஒரு தூண் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன். அவர் நேரே கதைக்குள் பாய்ந்தார். ஹாரன் பிரமாதம். திடீரென்று நின்றுவிட்டது.

"சார், மொதல் பக்கத்த விட்டுட்டீங்க." ஸஹானாவின் குரல்.

"அதுல கதை ஒண்ணும் இல்லம்மா."

"நண்டு எந்தப் பேப்பர்ல வருதுன்னே தெரியாம எப்டி சார் கேக்கறது?"

அடுத்த நிமிஷம் பிள்ளைகள் கூட்டமாகப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தூண் ஓரத்துக்கே வந்துவிட்டார்கள். "தாத்தா, நீங்க இத மட்டும் படிச்சுட்டுக் குடுத்துடுங்க. கதைய அவரே படிக்கட்டும். அவரு நல்லாப் படிக்கிறாரு" என்றான் மெர்வின். பின்னால் அவனுடைய பாட்டி, அதாவது அந்தப் பழைய பதிப்பு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சண்ட போடத்தான் வந்தேன். படிங்க, என்னதான் இருக்குன்னு கேப்போம்" என்றார்.

படித்தேன். ஒருவரும் அசையவில்லை. சனிக்கிழமையும் இப்படியே என்று ஞானசௌந்தரி மேடம் தீர்மானித்துவிட்டார்: முதல் பக்கம் நான், மற்றதெல்லாம் அசரியா சார். கதை வாசிக்க நான் லாயக்கில்லை என்பதில் பிள்ளைகளும் என்னோடு ஒத்துப்போவதால், மேலே எழுதிய பட்டியலில் முதல் கருத்தில் மாற்றமில்லை. மூன்றாவது கருத்து தவறு.