செயலாளர் வீட்டு மூக்குக்கண்ணாடி

அன்பிலும் வயதிலும் பெரியவரான பெரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். தங்கள் முழங்கால் வலியும் அக்காவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், தங்கையின் ஞாபகமாக அவளுடைய மூக்குக்கண்ணாடியை மட்டும் வாங்கிப்போக விரும்புவதாகவும், வேறு எதுவும் வேண்டாம் என்றும் எழுதியிருந்தீர்கள். நகையைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். வீட்டைக் கேட்டிருந்தால்கூட யோசித்திருப்பேன். நீங்கள் போயும் போயும் கண்ணாடியைக் கேட்டுவிட்டீர்கள். அவள் போன இந்த எட்டு மாதத்தில் அவள் பொருள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது, அது ஒன்றுதான் இல்லை. எப்படிப் போயிற்று என்று சொல்கிறேன். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் சேவைச் சங்கத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். உங்கள் தங்கை அதற்கு வைத்த பேர் ஃபோட்டோ சங்கம். இரத்ததான முகாம் என்றால் கட்டிலில் படுத்திருப்பவர் இரண்டு பேர், சுற்றி நின்று சிரிப்பவர் இருபது பேர். ஆஸ்பத்திரிக்கு ஒரு சக்கர நாற்காலி கொடுத்தோம், அதற்குக் கட்டிய பேனர் நாற்காலியைவிட ஆறு மடங்கு பெரிசு. நிதி திரட்டக் குலுக்கல் நடத்துகிறோம், மூன்று வருஷமாகச் சுவர்க்கடிகாரம் தலைவரின் மாமியாருக்கே விழுகிறது. தலைவர் பல் டாக்டர், வாயைத் திற என்று சொல்லிச் சொல்லிப் பழகியவர், எதிரில் இருப்பவரைப் பேச விடமாட்டார். இந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் திட்டமானாலும் முதல் தானம் செயலாளர் வீட்டிலிருந்து வர வேண்டும். செயலாளர் நான். இரத்தம் என்றால் முதலில் படுப்பது நான். பழைய துணி என்றால் முதல் மூட்டை என்னுடையது. அந்த மூட்டையோடு நான் அன்றைக்குப் போடவேண்டிய சட்டையும் போய், பனியனோடு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று உங்கள் தங்கை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாளே, நினைவிருக்கும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் "பார்வை தானம்" என்று ஒரு திட்டம் வந்தது. இறந்தவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் மூக்குக்கண்ணாடிகளை வாங்கி, பவர் பார்த்து, வசதியில்லாதவர்களுக்குக் கொடுப்பது. நல்ல திட்டம்தான், யார் இல்லை என்றது. தலைவர் கேமராக்காரரோடு வாசலில் வந்து நின்று, "செயலாளரே, முதல் கண்ணாடி!" என்கிறார். நான் அப்போதுதான் முகம் கழுவிவிட்டு வந்தேன். மேஜை மேலே என்னுடையதும் அவளுடையதும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று வாங்கினால் இன்னொன்று பாதி விலை என்று அவள்தான் ஒரே மாதிரி கறுப்பு ஃப்ரேம் இரண்டு எடுத்தாள், எங்கள் இரண்டு பேருக்கும் பவரும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கடைக்காரர் கேலி பண்ணினார். அவளுக்கு இனி எதற்கு என்று ஒரு நிமிஷம் தோணிப்போச்சு. அவளுடையதை எடுத்து நீட்டிவிட்டேன். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன், மச்சான்.

கண்ணாடி முதலில் போனது ஒரு தையல்காரருக்கு. வழக்கப்படி நானே என் கையால் மாட்டிவிட்டேன், ஃபோட்டோ எடுத்தார்கள். நாலாம் நாள் வந்தார். "சார், ஊசி நல்லா தெரியுது. ஆனா ஊசிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா வந்து நிக்கிறாங்க சார்"ன்னார். கடைக்கு வந்த அம்மாவா இருக்கும்யான்னேன். "கடையைப் பூட்டிட்டு உள்ளே உக்காந்து தைக்கிறேன் சார். தோள் வரைக்கும்தான் தெரியறாங்க. அதுக்குக் கீழே சாம்பல் வெள்ளையா என்னவோ மறைக்குது. அது மேல வரிவரியா எறும்பு." எறும்பா? "எறும்பு மாதிரி பொடிப்பொடியா சார். ஊரலை, அப்படியே நிக்குது." எங்கள் சங்கத்துக் கண்ணாடிக்கடைக்காரர் அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, கண்புரை ஆரம்பம் என்று சொல்லி, கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

அடுத்து நூலகத்தில் உதவியாளராக இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தோம். பத்தாம் நாள் கண்ணாடியைத் துணியில் சுற்றிக்கொண்டுவந்து, தொடக்கூடாததைத் தொட்டவர் மாதிரி மேஜையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றார். அதே அம்மா, அதே எறும்பு. தையல்காரரும் இவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததுகூடக் கிடையாது. அந்த அம்மா எப்படிம்மா இருப்பாங்கன்னு கேட்டேன். "இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு சார்"ன்னு சொன்னாங்க. மச்சான், அந்தத் தழும்பு நீங்க சின்ன வயசுல ஊஞ்சலை வேகமாத் தள்ளிவிட்டதால வந்தது. அவளைப் பார்த்தே இராத இந்தப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? தலைவரிடம் சொன்னால், "அவங்க கண்ணாடி, அவங்க தெரியறாங்க, இதுல என்ன அதிசயம்? அடுத்த ஆளுக்குக் கொடுங்க, ஃபோட்டோ பாக்கி இருக்கு"ங்கிறார். என்ன மனுஷனோ!

இது ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு தொல்லையையும் சொல்லிடறேன். இதே அஞ்சு மாசமா நம்ம வீட்டுக்குள்ள எவனோ ஒரு கிழவன் வந்து உக்காந்திருக்கான். சிரிக்காதீங்க. நான் காபி போட்டுக்கிட்டு சமையலறை வாசல்ல வந்து நின்னா, பட்டப்பகல்ல, என் நாற்காலியில, என் முக்காலி மேல காலை நீட்டிக்கிட்டு இருக்கான். என் பேப்பரை முகத்துக்கு நேரா விரிச்சு வெச்சிருப்பான். யாருய்யா நீன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன்! மரியாதைக்காவது பேப்பரை இறக்கணுமா இல்லையா? ஊஹும். கிட்டப் போனா நாற்காலி காலி, தொட்டுப் பார்த்தா ஜில்லுனு இருக்கு. நாப்பது வருஷம் அச்சகத்துல பிழை திருத்தினவன் நான், இன்னிக்கும் காலைப் பேப்பரைச் சிவப்புப் பென்சிலால ஒரு வரி விடாம திருத்தாட்டி எனக்குப் பொழுது போகாது. இப்போ அவன் இருக்கிற நாற்காலியில எப்படி உக்கார்றது? நின்னுக்கிட்டே படிக்கிறேன். துக்கத்துல தலை வேற வீங்கிடுச்சு போலிருக்கு, கண்ணாடிக் கம்பி ரெண்டு காதையும் பிடிச்சுக் கிள்ளுது. தலைவர்கிட்ட கிழவனைப் பத்தியும் சொன்னேன். சங்கத்துல உறுப்பினர் குறைஞ்சுபோச்சாம், விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்துவிட்டார்.

சரி, கண்ணாடி விஷயத்துக்கு வர்றேன். உங்க கடிதம் வந்ததும் கைகால் ஓடலை. கண்ணாடி கடைசியாப் போனது தெருமுனை இஸ்திரிக் கடை அம்மாவுக்கு. அவங்க மட்டும் ரெண்டு மாசமா ஒரு புகாரும் சொல்லலை. புதுசு வாங்கித் தர்றேன், பழசைத் திருப்பிக் கொடுங்கன்னு கேட்கப் போனேன். பெட்டியில கரியைத் தட்டிக்கிட்டே, "தரமாட்டேன் சார்"னுட்டாங்க. ஏம்மா, உங்களுக்கு அந்த அம்மா தெரியறாங்களா இல்லையான்னேன். "தெரியாம என்ன? தினம் வர்றாங்க. தலைப்பால நெத்தியைத் துடைச்சுக்கிட்டு வந்து நிப்பாங்க. ஏதோ கேப்பாங்க. சத்தம் வராது, வாய் மட்டும் அசையும். கேட்டுட்டு பதிலுக்குக் காத்துக்கிட்டே நிப்பாங்க. பாவமா இருக்கும் சார். யாருமே பதில் சொல்லமாட்டாங்க போல. கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு உள்ளே போயிடுவாங்க." பயமா இல்லையாம்மான்னு கேட்டேன். "முதல்ல இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் மனசு கேக்காம 'சரிங்கம்மா'ன்னு சொன்னேன். ஐயோ, அந்த முகத்தைப் பார்க்கணுமே நீங்க! என்ன கேட்டாங்களோ தெரியாது, நான் சரின்னு சொன்னதுக்கே அப்படிச் சிரிச்சாங்க. அதுலேருந்து தினமும் சொல்றேன். இதை நான் கொடுத்துட்டா அவங்களுக்கு யாரு பதில் சொல்லுவா?"

வந்துவிட்டேன். ஆகையால் மச்சான், ஞாயிற்றுக்கிழமை தாங்களே வந்து, அண்ணன் என்ற உரிமையில் அந்த அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். என் தங்கை, என் ஞாபகத்துக்கு வேண்டும் என்று நீங்கள் சொன்னால் ஒருவேளை மனசு இரங்குவார். அந்தக் கிழவனையும் வந்து இரண்டு அதட்டு அதட்டிவிட்டுப் போங்கள். செயலாளர் பதவியை ராஜினாமா செய்து கடிதம் எழுதி வைத்துவிட்டேன். அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள், எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

தங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். தபாலில் போடப் போகிற வழியில், காது வலி தாங்காமல் கம்பியைத் தளர்த்தித் தரச்சொல்லிக் கண்ணாடிக்கடையில் ஏறினேன். அவர் கம்பியின் உள்பக்கம் பொறித்த எண்ணைப் பார்த்துவிட்டு நோட்டைப் புரட்டி, "சார், இது உங்க வீட்டம்மாவோடது. லேடீஸ் சைஸ், பிடிக்காம என்ன செய்யும்? அன்னிக்கு நீங்க தானம் கொடுத்தது உங்களோடதை"ன்னார். அந்த எண்ணை நான் எங்கே மச்சான் படிக்கிறது? கண்ணாடியைக் கழற்றினாத்தான் எண் இருக்கிற இடமே தெரியும், கழற்றிட்டா எனக்கு ஒண்ணுமே தெரியாது. இந்த அஞ்சு மாசமா நான் போட்டுக்கிட்டிருக்கிறது அவளோடது. அப்போ தையல்காரர் பார்த்தது, அவ இருந்தப்போ என் கண்ணாடி வழியா நான் பார்த்தது. அந்தச் சாம்பல் வெள்ளை என் பேப்பரு, எறும்பு அதுல இருக்கிற எழுத்து. அதுக்கு மேலே தோள் வரைக்கும் வந்து நின்னுட்டுப் போனவ என் பொண்டாட்டி. சமையலறை வாசல்லேருந்து அவ பார்த்துக்கிட்டிருந்த கிழவன் யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடி என் மூக்கு மேலதான் இருக்கு, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்குங்க. இஸ்திரிக் கடை அம்மாகிட்ட எதையும் கேட்காதீங்க. சாயங்காலம் நானே அங்க போறேன், அவ வந்து நின்னா எனக்குச் சொல்லுங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். இந்தத் தடவை பதில் நான் சொல்லணும். அவ என்ன கேட்டிருப்பான்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன், ஒண்ணுகூட ஞாபகம் வரலை. உங்ககிட்ட எப்பவாவது சொல்லியிருந்தா, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வெச்சுக்காம, உடனே எழுதுங்க மச்சான்.