உடையாத நாணயம்

தலைவன் என்று ஒருவன் இல்லாமலேயே மனித குலம் பிழைத்துக்கொள்ளும் என்பதை உலகுக்கு மெய்ப்பித்தது அந்த மின்நாணயம்தான். அதற்கு அரசு கிடையாது, வங்கி கிடையாது, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆளும் கிடையாது.

அப்பேர்ப்பட்ட நாணயத்துக்கும் ஒரு சோதனை வந்தது. அதை இயக்கும் மென்பொருளைப் புதுப்பித்தே ஆக வேண்டும் என்றார்கள் நிரல் எழுதுகிறவர்கள். புதுப்பித்தால் எங்கள் கணினிகள் காயலான் கடைக்குத்தான் போகும் என்றார்கள், அந்த நாணயத்தை உண்டாக்கவே கொட்டகை கொட்டகையாகக் கணினிகளை ஓட்டும் முதலாளிகள். பாதிப் பேர் மாறி, பாதிப் பேர் மாறாவிட்டால் நாணயம் இரண்டாக உடையும். உடைந்ததை எவனும் சீந்த மாட்டான்.

சமரசம் பேச அழைக்கப்பட்டவருக்குச் 'சமாதானம்' என்றே பட்டப்பெயர். இரு தரப்பும் நம்பிய ஒரே மனிதர். இரு தரப்பிடமும் தலையாட்டியவர் என்பதால். அவர் கிளம்பும்போது அக்கா போனில் வந்தாள். ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்ததையெல்லாம் தம்பி பேச்சைக் கேட்டு அந்த நாணயத்தில்தான் போட்டிருந்தாள்.

"ரெண்டா உடைஞ்சா என்னோடது எதுலடா இருக்கும்?"

"ரெண்டுலயும் இருக்கும்க்கா."

"அப்ப எதுலயும் இருக்காதுன்னு சொல்லு."

அக்காவுக்குத் தொழில்நுட்பம் பிடிபடவில்லையே என்று அவர் வருந்தினார்.

விடுதி அரங்கில் மாநாடு கூடியது. தலைவர் இல்லாத அமைப்புக்கு யார் தலைமை தாங்குவது என்பதிலேயே காலைப்பொழுது போயிற்று. வட்ட மேசையில், கதவுக்கு நேர் எதிரே இருந்த நாற்காலி 'தலைமைத் தோரணையில்' இருப்பதாக ஆட்சேபம் எழ, அதைத் தூக்கி வெளியே வைத்தார்கள். அதில் உட்கார்ந்திருந்த முதலாளி மாலைவரை நின்றே சமத்துவத்தைக் காத்தார். பிறகு இரு தரப்பும் ஒருவரையொருவர் துரோகி என்று அழைத்து அலுத்தன. கடைசியில் அந்த முதலாளிதான், கால்வலி தாங்காமல், ஒரு கேள்வி கேட்டார்.

"இவ்வளவு நம்பிக்கை இருக்கறவங்க சம்பளத்தை ஏன் இந்த நாணயத்துல வாங்கல?"

நிரலாளர்கள் கூரையைப் பார்த்தார்கள். முதலாளிகளும் பார்த்தார்கள். ஒற்றுமை அங்கேதான் பிறந்தது. தங்களிடம் உள்ளதை முதலில் ஓசைப்படாமல் விற்றுவிடுவது, அப்புறம் எல்லோருமாகப் புதுப்பிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. 'பொதுமக்களின் நம்பிக்கை குலையாதிருக்க' விஷயம் வெளியே போகக் கூடாது.

சமாதானம் போனை எடுத்தார். தாழ்வாரத்துக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டார். அவளிடம் சொன்னால் அவளுடைய சிநேகிதிகளுக்கும் தெரியும். எல்லோரும் விற்க ஓடுவார்கள். தன்னுடையதை அவர் இன்னும் விற்கவில்லை.

"உடையாதுக்கா. நிம்மதியா இரு" என்றார்.

சொன்ன சொல் தவறவில்லை. பெரிய தலைகளும் அவரும் விற்று முடித்த வாரத்திலேயே விலை அதலபாதாளத்துக்குப் போனது. ஆனால் பிளவு மட்டும் நேரவே இல்லை. சமாதானத்துக்கு மாலை மரியாதைகள் நடந்தன. வாழ்த்தாவது சொல்வாள் என்று அக்காவை அழைத்தார். அவள் சத்தம்கூடப் போடவில்லை.

"நாணயம் உடையாம முழுசா எங்கிட்டயே இருக்குடா. உங்கிட்டதான் துளிகூட இல்ல."